ஆவி அடங்கிய காப்பிப் பலகை: ஏற்காட்டில் ஒரு நியான் பழுது

டிசம்பர் முதல் வாரம், ராத்திரி எட்டரை மணி. ஏற்காட்டிலிருந்து போன். "தம்பி, உங்க காப்பியில ஆவி வரமாட்டேங்குது" என்றார் கடைக்காரர். மூன்று மாதம் முன்னால் அவர் கடை வாசலில் நாங்கள் மாட்டிவிட்டு வந்த நியான் பலகையைச் சொல்கிறார் என்று புரிய எனக்கு ஒரு நொடி ஆனது.

அப்புறம் மூச்சு விடாமல் அடுக்கினார். கோப்பைக்கு மேலே நீலமாக எழும் மூன்று ஆவிக் கோடுகளும் மங்கிவிட்டன, சில நாள் வெளிறிய ரோஸ் மாதிரித் தெரிகிறது. பனி இறங்குகிற ராத்திரிகளில் பலகை தானாக அணைந்துபோகிறது. ஸ்விட்சை அணைத்துப் போட்டால் எரியும், பத்து நிமிஷத்தில் திரும்ப அணையும். 'பி' எழுத்து நடுங்குகிறது. போதாக்குறைக்குப் பலகைக்குள்ளிருந்து 'ஸ்ஸ்' என்று ஒரு சத்தம்.

"கேஸ் சரியா அடைக்கலை போலிருக்கு. மலை மேல காத்தழுத்தம் கம்மியாம், அதான் உள்ள இருக்கிற கேஸ் கசிஞ்சிருச்சுன்னு இங்க ஒருத்தர் சொல்றாரு."

நாலு குறைக்கும் ஒரே காரணம் என்பது அவர் முடிவு. போய்ப் பார்த்தபோது மூன்று காரணங்கள் கிடைத்தன. கேஸ் கசிவு அதில் இல்லை. மூன்றில் இரண்டு என் கைப்பிழை என்பதால்தான் இதை எழுதி வைக்கிறேன்.

எது நியான்

இன்று சேலத்தில் ஐந்து ரோட்டிலிருந்து புது பஸ் ஸ்டாண்டு வரை நடந்து போனால் 'நியான்' என்ற பெயரில் மாட்டியிருக்கும் பலகைகள் பலவற்றில் நியான் கிடையாது. சிலிக்கோன் உறைக்குள் ஓடும் எல்இடி பட்டைதான். 12 வோல்ட்டில் எரியும், கத்திரிக்கோலால் வெட்டலாம், கைதவறிக் கீழே போட்டாலும் உடையாது. மாதம் நாலைந்து நானே செய்து தருகிறேன். சோறு போடுவது அதுதான், அதைக் குறைத்துப் பேச எனக்கு வாயில்லை.

இவர் கேட்டது கண்ணாடிக் குழாய். சின்ன வயதில் சேலத்துக்குப் படம் பார்க்க வந்தபோது தியேட்டர் வாசலில் பார்த்த சிவப்பு அவர் கண்ணைவிட்டுப் போகவில்லை. "அந்தச் சிவப்பு வேற தம்பி" என்றார். வேறுதான். குழாய்க்குள் இருக்கும் வாயுவே ஒளிர்வதால் வெளிச்சம் நாலு பக்கமும் பரவும். எந்தப் பக்கம் நின்று பார்த்தாலும் கோட்டுக்கு ஓர் உடம்பு இருக்கும். எல்இடி பட்டைக்கு முகம் மட்டும்தான்.

அந்த வாயு நாம் விடுகிற மூச்சிலேயே இருக்கிறது, பத்து லட்சத்தில் சுமார் 18 பங்கு. 1898-இல் லண்டனில் வில்லியம் ராம்சேயும் மோரிஸ் டிராவர்ஸும் காற்றிலிருந்து எடுத்த ஆர்கானைக் குளிர்வித்துத் திரவமாக்கிப் படிப்படியாகப் பிரித்தபோது அகப்பட்டது. பன்னிரண்டு வருஷம் கழித்து, 1910 டிசம்பரில், பாரிஸ் மோட்டார் கண்காட்சியில் ஜார்ஜ் கிளாட் 12 மீட்டர் நீளக் குழாய்கள் இரண்டை எரியவிட்டார். கடைவீதிக்கு நியான் வந்த பாதை அங்கிருந்துதான் தொடங்குகிறது. கிளாடின் பெயர் ஏற்காட்டிலும் ஒருமுறை வரும்.

சித்தப்பாவின் மூக்குத்தி

குழாய் வளைத்தவர் என் சித்தப்பா. செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறைகளுக்கு நடுவே ஓர் ஓட்டு வீட்டின் பின்கட்டுதான் அவர் பட்டறை. அக்கம்பக்கத்தில் வெள்ளிக்குப் பொடி வைத்து ஊதுவார்கள், இவர் கண்ணாடிக்கு வாய் வைத்து ஊதுவார். தொழில் பழகியது பெங்களூரில். தியேட்டரும் ஜவுளிக்கடையும் தேடிவந்து நியான் கேட்ட காலம் போனபின், கல்லூரி ஆய்வகங்களின் கண்ணாடிச் சாமான்களைப் பழுதுபார்த்து அடுப்பு அணையாமல் காத்துவருகிறார். வயது அறுபத்தெட்டு.

பலகையின் வடிவம் இது: இடது பக்கம் சிவப்புக் கோட்டில் ஒரு கோப்பை. அதன் மேல் நீலத்தில் மூன்று ஆவிக் கோடு. வலது பக்கம் 40 சென்டிமீட்டர் உயரத்தில் 'காப்பி', அதுவும் சிவப்பு. "காபின்னே எழுதிடலாமே, ஒரு எழுத்து மிச்சம்" என்றார் கடைக்காரர். சித்தப்பா ஒத்துக்கொள்ளவில்லை. "காப்பின்னு சொன்னாத்தாங்க வாய் நிறையும்." எழுத்துக்கு இவ்வளவு என்று கூலி வாங்குகிறவர் சொன்னதால் நான் அதைக் கொஞ்சம் சந்தேகத்தோடுதான் கேட்டுக்கொண்டேன்.

எழுத்தை முழு அளவில் தாளில் வரைந்து, தாளைத் திருப்பிப் போட்டு, அதன் மேல்தான் குழாயைப் படியவைப்பார். பார்ப்பவர் பக்கம் வரவேண்டிய முகம் அப்போதுதான் தட்டையாக அமையும், பின்னால் போகவேண்டிய மடக்குகள் எல்லாம் மேலே நிற்கும். "கண்ணாடியில எழுதணும்னா கண்ணாடியில தெரியற மாதிரிதான் எழுதணும்" என்பது அவருடைய பழைய சிலேடை. ஒவ்வொரு புது ஆளிடமும் சொல்வார்.

12 மி.மீ. விட்டமுள்ள ஈயக் கண்ணாடி. 600 டிகிரியை ஒட்டிப் போனதும் இளக ஆரம்பிக்கும். தீயில் ஆக்சிஜன் குறைந்தால் கண்ணாடியிலிருக்கும் ஈயம் கறுத்துப் புகை படிந்ததுபோல் ஆகிவிடும், அதனால் ஒரு கண் எப்போதும் ஜுவாலையின் நிறத்தின் மேல். இன்னொரு கண் பதத்தின் மேல். பாகுக்குக் கம்பிப் பதம் என்று சொல்வோமே, அந்த மாதிரி ஒரு கணம் கண்ணாடிக்கும் உண்டு. தன் எடைக்கே துவளத் தொடங்கும். குழாயின் ஒரு முனையில் கார்க் அடைத்திருக்கும், மறுமுனையில் செருகிய ரப்பர் குழாயின் நுனி அவர் பல்லிடுக்கில். தீயிலிருந்து எடுத்து வளைத்தவுடன் வளைவு சப்பிப்போகப் பார்க்கும். அப்போது மெல்ல ஒரு ஊதல். பழைய பருமனுக்கு வந்துவிடும். ஊதல் கொஞ்சம் கூடினால் அந்த இடம் வீங்கிச் சுவர் மெலியும், அங்கேதான் பின்னால் விரிசல் விழும். எல்லாம் மூன்று நாலு நொடிக்குள் முடிய வேண்டும்.

தமிழ் எழுத்து நியானுக்கு லேசில் இணங்காது. 'ப' சாது, மூன்று கோடு, இரண்டு மடக்கு. 'க' படுத்தும். பேனாவில் எழுதும்போது கோட்டைக் கோடு வெட்டிக்கொண்டு போகலாம். குழாய்க்குள் குழாய் நுழைய முடியாதே, ஒன்று மற்றதன் பின்பக்கமாகத் தாவித்தான் போக வேண்டும். எல்லாவற்றையும் விடக் கொடுமை 'ப்' தலையில் இருக்கும் புள்ளி. எழுத்தோடு ஒட்டாமல் தனியே நிற்க வேண்டும், ஆனால் மின்சாரம் அங்கே போய்வர வழியும் வேண்டும். தனிக் குழாயாகச் செய்தால் புள்ளிக்கென்று இரண்டு எலக்ட்ரோடு, அதாவது கரண்ட் ஏறி இறங்கும் முனை, தேவை. எலக்ட்ரோடோ புள்ளியைவிடப் பெரிது.

சித்தப்பா கண்ட வழி: எழுத்தின் பின்புறமாகவே குழாயை மேலே கொண்டுபோய், புள்ளி விழவேண்டிய இடத்தில் பார்ப்பவரை நோக்கி ஒரு குட்டி மடக்கை நீட்டி, அப்படியே பின்பக்கம் திருப்பிக் கொண்டுவந்துவிடுவார். பிறகு நுனியைத் தவிர மற்ற எல்லாவற்றுக்கும் கறுப்பு அடிப்பது. எதிரே நின்று பார்த்தால் சிவப்புப் புள்ளி அந்தரத்தில் நிற்கும். அதற்கு அவர் வைத்திருக்கும் பெயர் மூக்குத்தி.

வளைத்து முடித்ததும் பம்பார்டிங். எலக்ட்ரோடு ஒட்டிய குழாயைப் பம்பில் மாட்டிக் காற்றை உறிஞ்சி, பெரிய டிரான்ஸ்பார்மரிலிருந்து கரண்ட் பாய்ச்சி, குழாயை உள்ளிருந்தே காய்ச்சுவது. குழாய் மேல் ஒரு துண்டு தினத்தாள் வைப்பார். தாள் பழுப்பேறினால் சூடு 200 டிகிரியைத் தாண்டிவிட்டது என்று கணக்கு. உட்சுவரில் ஒட்டியிருக்கும் ஈரமும் அழுக்கும் ஆவியாகிப் பம்பு வழியே வெளியேறிவிடும். எலக்ட்ரோடு செக்கச்செவேல் என்று பழுக்கும். ஆறவைத்து, கடைசிச் சொட்டுக் காற்றையும் இழுத்தபின் நியானைத் திறந்துவிடுவார். அடைப்பது எவ்வளவு தெரியுமா? பாதரச அளவில் 10, 12 மி.மீ. அழுத்தம். வெளிக்காற்றோ கடல்மட்டத்தில் 760. 'கேஸ் அடைக்கிறோம்' என்று பேசிப் பேசி, சமையல் சிலிண்டர் மாதிரி உள்ளே உப்பிக்கொண்டு இருக்கும் என்று ஜனங்கள் நினைக்கிறார்கள். உள்ளே இருப்பது முக்கால்வாசிக்கும் மேல் வெறுமைதான்.

ஆவிக் கோடுகள் வேறு ஜாதி. நியான் தருவது சிவப்பு ஒன்றுதான். நீலம், பச்சை, வெள்ளை எது வேண்டுமானாலும் பெரும்பாலும் ஆர்கானும் பாதரசமும்தான். கரண்ட் ஓட ஆர்கான் வழிவிடும், பாதரச ஆவி கண்ணுக்குத் தெரியாத புற ஊதாக் கதிரை விடும், குழாயின் உட்பூச்சு அதை வாங்கி நிறமாக்கும். டியூப் லைட்டில் நடப்பதும் இதேதான். மூன்று கோடும் ஒரே குழாய், உள்ளே ஒரு பொட்டு பாதரசம்.

மொத்தம் நாலு குழாய், சுமார் ஒன்பது மீட்டர் நீளம், எல்லாம் ஒரே தொடரில். 230 வோல்ட்டை 15,000 ஆக்கும் 30 மில்லி ஆம்பியர் டிரான்ஸ்பார்மர். நடுமுனை எர்த்தோடு சேர்ந்திருப்பதால் இரண்டு ஒயருக்கும் எர்த்துக்கும் நடுவே தலா 7,500 வோல்ட். ஆகஸ்ட் கடைசியில் செவ்வாய்ப்பேட்டைப் பட்டறையில் மூன்று ராத்திரி தொடர்ந்து எரியவிட்டுச் சோதித்தோம். ராத்திரி பத்து மணிக்கும் உள்ளே பனியன் நனைகிற புழுக்கம். நீலம் கண்ணைப் பறித்தது. கைதட்டாத குறையாக மூட்டை கட்டினோம்.

மலைப் பாதை

குழாய்களைப் பழைய ரஜாயில் சுற்றி, குட்டி யானையில் நிற்கவைத்துக் கட்டினோம். படுக்கப்போட்டால் அதன் எடையே அதற்கு எமன். அஸ்தம்பட்டி தாண்டி, மாடர்ன் தியேட்டர்ஸ் வளைவைத் தாண்டி, அடிவாரம் வரை சித்தப்பா ஒரு வார்த்தை பேசவில்லை. அங்கிருந்து இருபது கொண்டை ஊசி வளைவு. ஒவ்வொன்றிலும் ரஜாயை ஒரு கையால் அணைத்துக்கொண்டார். ஒரு கீறல் இல்லாமல் மேலே போய்ச் சேர்ந்தது. அந்தச் சந்தோஷத்தில் பலகையை மாட்டும்போது நான் கொஞ்சம் அசட்டையாக இருந்துவிட்டேன்.

இருட்டில் பார்த்தது

போன் வந்த மறுநாளே கிளம்பினேன். "என் குழாயைப் பத்திப் பேசறாங்க, நான் வராம இருக்க முடியுமா" என்று சித்தப்பாவும் மங்கி குல்லாவோடு ஏறிக்கொண்டார். ஆறு மணிக்குப் போய்ச் சேர்ந்தோம். ஏரிப் பக்கமிருந்து பனி படி ஏறி வருவதுபோல் வந்துகொண்டிருந்தது. கடைச் சுவரிலிருந்த வெப்பமானியில் 14 டிகிரி.

ஸ்விட்சைத் தொடுவதற்கு முன் டிரான்ஸ்பார்மர் பெட்டியைத் திறந்தேன். பச்சை ஒயர், அதாவது எர்த், கழற்றப்பட்டு நுனியில் டேப் சுற்றியிருந்தது.

"டிரிப் ஆகுதுன்னு சொன்னேன், ஒயரிங் பாக்கிற தம்பி கழட்டிவிட்டாரு. ரெண்டு நாள் நல்லாத்தாங்க எரிஞ்சுது" என்றார் கடைக்காரர். மேசை துடைக்கும் பையன் பின்னாலிருந்து, "அண்ணே, பலகைச் சட்டத்தைத் துடைக்கிறப்ப சுருக்குன்னு இழுத்துச்சு" என்றான்.

எனக்கு அடிவயிறு கலங்கிவிட்டது. இந்த டிரான்ஸ்பார்மருக்குள் ஒரு காப்பு உண்டு. உயர் அழுத்தப் பக்கத்திலிருந்து கரண்ட் எர்த்துக்குக் கசிந்தால் கண்டுபிடித்துத் தானே அணைத்துக்கொள்ளும். கடைக்காரர் பார்த்த 'தானா அணையறது' அதன் வேலைதான். எர்த்தைக் கழற்றினால் கசிவு திரும்பிப் போக வழியில்லை. காப்புக்குக் கசிவு தெரியாது, அணையாது. அதே சமயம் பலகையின் இரும்புச் சட்டம் அந்தரத்தில் நின்று, தொடுகிற ஆள் வழியாகத் தரைக்கு இறங்கப் பார்க்கும். கடையின் மெயின் போர்டில் கசிவு கண்டால் அணைக்கிற இஎல்சிபி இதற்கு உதவாது. அது 230 வோல்ட் பக்கத்தில் போகிற கரண்டும் திரும்புகிற கரண்டும் சமமா என்றுதான் பார்க்கும், டிரான்ஸ்பார்மருக்கு அந்தப்புறம் நடப்பது அதன் கண்ணில் படாது. அலாரம் அடிக்கிறதே என்று அலாரத்தைப் பிடுங்கிப் போட்ட கதை இது. வேறு எதையும் தொடாமல் முதலில் எர்த்தை மாட்டி, மீட்டர் வைத்துச் சரிபார்த்தேன்.

பிறகு கடையில் இருந்த எல்லா விளக்கையும் அணைக்கச் சொன்னேன். நியான் பழுதை வெளிச்சத்தில் தேடக் கூடாது. ஐந்து நிமிஷம் கண் இருட்டுக்குப் பழகட்டும் என்று நின்றோம். பலகைக்குப் பின்பக்கம் போய்க் கையைக் கட்டிக்கொண்டு, ஸ்விட்சைப் போடச் சொன்னேன். கையைக் கட்டுவது சித்தப்பா கற்றுத்தந்த பழக்கம். கை சும்மா இருந்தால் சுட்டிக்காட்ட நீளும்.

'கா'வின் எலக்ட்ரோடு முனையில் ஊதுபத்திப் புகை மாதிரி ஊதா நிறத்தில் ஒரு மூட்டம். அதற்கு ஒரு சாண் கீழே, ஒயரைக் கட்டியிருந்த பிளாஸ்டிக் பட்டையின் மேல் பொடிப்பொடியாகத் தீப்பொறிகள் எறும்பு வரிசை போல இரும்புச் சட்டத்தை நோக்கி ஊர்ந்துகொண்டிருந்தன. இடி மின்னலுக்குப் பிறகு காற்றில் வரும் அந்தக் காரமான வாசனை. ஓசோன். 'ஸ்ஸ்' சத்தத்தின் வீடு இதுதான்.

அணைத்துவிட்டு டார்ச் அடித்துப் பார்த்தேன். எலக்ட்ரோடு மேல் நான் மாட்டியிருந்த ரப்பர் தொப்பிகளில் இரண்டு வாய் மேல்நோக்கி இருந்தன. பனி வழிந்து வழிந்து உள்ளே தண்ணீர் தேங்கி, காப்பிக்கடைப் பலகையில் இரண்டு கோப்பை நானே கூடுதலாக வைத்ததுபோல் ஆகியிருந்தது. பிளாஸ்டிக் பட்டையில் பென்சிலால் கிறுக்கியதுபோல் கறுப்புக் கோடு. பொறி ஓடி ஓடிக் கருகிக் கரியாகிவிட்டது. கரி கரண்டைக் கடத்தும், ஆக ஒருமுறை ஓடிய பாதையிலேயே அடுத்த பொறியும் ஓடும். சேலத்தின் வறண்ட காற்றில் இதே கட்டு வருஷக்கணக்கில் தாங்கியிருக்கிறது. அந்த நம்பிக்கையில் மலையிலும் அப்படியே கட்டினேன். போதாததற்கு டிரான்ஸ்பார்மரைக் கடைக்குள் வைத்து, ஒயரை நாலு மீட்டர் இரும்புக் குழாய்க்குள் ஓட்டியிருந்தேன். பார்க்க அழகு, ஆனால் அத்தனை நீளமும் எர்த்தை உரசிக்கொண்டு போகிற 7,500 வோல்ட்.

உயரத்துக்கும் இதில் ஒரு சின்னப் பங்கு உண்டு. சேலம் நகரம் ஏறத்தாழ 280 மீட்டரில் இருக்கிறது, ஏற்காடு 1,500 மீட்டரில். காற்று மெலியும்போது அதன் தடுப்புச் சக்தியும் குறையும், பொறி இன்னும் கொஞ்சம் தூரம் தாண்டும். ஆனாலும் அதன் மேல் பழி போட்டுத் தப்பிக்க எனக்கு மனம் வரவில்லை. காய்ந்திருந்தால் இந்த இடைவெளி மலையிலும் போதும். தண்ணீர்தான் குற்றவாளி, தண்ணீருக்கு ஏனம் வைத்தவன் நான்.

இதற்குள் சித்தப்பா தன் வழக்கை வாதாடத் தயாராகிவிட்டார். ஸ்பார்க் டெஸ்டரை எடுத்து, அணைந்திருந்த ஒவ்வொரு குழாய்க்கும் அருகே கொண்டுபோனார். விரிசல் விழுந்து காற்று புகுந்திருந்தால் குழாய் உள்ளே செத்துக் கிடக்கும். நாலும் தொட்டவுடன் முழு நீளத்துக்கும் மின்னின. எலக்ட்ரோடு அருகே கண்ணாடி கறுத்திருக்கிறதா என்று அடுத்துப் பார்த்தார். உலோகம் தெறித்துத் தெறித்துச் சுவரில் படிவதுதான் குழாய்க்குக் கிழத்தனம். கிளாடை இங்கேதான் நினைத்துக்கொள்ள வேண்டும். 1915-இல் அமெரிக்காவில் அவர் வாங்கிய காப்புரிமை எலக்ட்ரோடின் பரப்பைப் பற்றியது. பரப்பு பெரிதாக இருந்தால் தெறிப்பு குறையும், குழாய் நீடிக்கும் என்பதுதான் சாரம். நியான் வியாபாரத்தையே அந்தக் காகிதம் பல வருஷம் கையில் வைத்திருந்தது. எங்கள் குழாய் முனைகள் பளிங்கு மாதிரி இருந்தன.

"இப்ப சொல்லுங்க, கேஸ் எங்க போச்சு?" என்றார் சித்தப்பா. கடைக்காரர் விடவில்லை, காற்றழுத்தக் கதையைத் திரும்ப எடுத்தார். நான் கணக்குச் சொன்னேன். சேலத்தில் வெளிக்காற்று 735 மி.மீ. அளவில் குழாயை அழுத்துகிறது, இங்கே 640 பக்கம். உள்ளே இருப்பது பத்து, பன்னிரண்டு. இரண்டு ஊரிலும் வெளியிலிருந்துதான் அமுக்கல். விரிசல் விழுந்தாலும் காற்று உள்ளே போகுமே ஒழிய நியான் வெளியே வராது. தலையாட்டினார். நம்பினாரா என்பது வேறு.

'பி'யின் நடுக்கம் சீக்கிரம் அகப்பட்டது. குழாயைத் தாங்கும் கண்ணாடிக் கால்களில் ஒன்று தளர்ந்து, கறுப்பு அடித்த பின்மடக்கு ஈரத் தகரத்துக்கு ஒரு விரல் கிட்டே சரிந்திருந்தது. தொடாமலே தகரம் கரண்டைத் தன் பக்கம் இழுக்கும், மின்னோட்டம் குழாயில் தள்ளாடும். இன்னும் சில மாதம் விட்டிருந்தால் அந்த இடத்தில் கண்ணாடியில் ஊசி முனைத் துளை விழுந்து, காற்று புகுந்து குழாய் செத்திருக்கும். கால் வண்டிக் குலுக்கலில் தளர்ந்ததா, என் திருப்புளி இறுக்காமல் விட்டதா என்று சொல்ல முடியவில்லை. அதை நான் என் கணக்கில் சேர்க்கவில்லை.

மிச்சம் ஆவி. சிவப்பு எல்லாம் ஜம்மென்று எரிகிறது. அதே தொடரில், அதே கரண்டில், நீலம் மட்டும் சோகை பிடித்துக் கிடக்கிறது. எனக்கு ஒரு சந்தேகம் இருந்தது. கடைக்காரரின் மகளிடம் தலை காயவைக்கும் டிரையரைக் கடன் வாங்கினோம். கரண்டை அணைத்துவிட்டு, மூன்று கோட்டில் நடுக்கோட்டை மட்டும் இரண்டு நிமிஷம் சூடு காட்டினேன். விலகி நின்று ஸ்விட்ச் போட்டோம். நடுக்கோடு செவ்வாய்ப்பேட்டையில் பார்த்த அதே நீலத்தில் பளிச்சென்று நின்றது. இரண்டு பக்கமும் வெளிறிய ரோஸ். பனிக்காற்று பட்டுப் பட்டு நடுக்கோடும் கண்ணெதிரே மங்கி மற்றவற்றோடு சேர்ந்துகொண்டது. கடைக்காரர் "அட" என்றார். அந்த ராத்திரி அவர் முழுசாக நம்பியது இந்த ஒன்றைத்தான்.

நியான் நம் ஊர்க் குளிருக்கெல்லாம் அசையாது. அது திரவமாக வேண்டுமானால் பூஜ்யத்துக்குக் கீழே 246 டிகிரி வரை போக வேண்டும். பாதரசம் அப்படியில்லை. குழாய்ச் சுவர் 40 டிகிரி அளவில் இருக்கும்போதுதான் தேவையான அளவுக்கு ஆவியாகும். 10 டிகிரிக்கு இறங்கினால் ஆவியழுத்தம் பத்தில் ஒரு பங்குக்கும் கீழே போய்விடும். பாதரசம் பொட்டாகச் சுவரில் ஒட்டிக்கொள்ள, ஆர்கான் தனியாக நின்று தன்னுடைய மங்கல் நிறத்தைக் காட்டும். அந்த ரோஸ் அதுதான். குளிர்ந்தால் காப்பியிலும் ஆவி அடங்கும், பலகையிலும் அடங்கிவிட்டது. குழாயில் பிழையில்லை. ஏற்காட்டு டிசம்பருக்குப் போகும் பலகையைச் சேலத்து ஆகஸ்டில் சோதித்த புத்தியில்தான் பிழை. மூன்று ராத்திரி எரியவிட்டதற்குப் பதில் ஒரு மணி நேரம் ஐஸ்கட்டி மூட்டை மேல் கிடத்தியிருந்தால் அப்போதே தெரிந்திருக்கும்.

இடையில் ஒரு நப்பாசையையும் உடைக்க வேண்டியிருந்தது. சிவப்பைத் தேர்ந்தெடுத்ததற்குக் கடைக்காரர் சொன்ன காரணங்களில் ஒன்று, சிவப்பு பனியைத் துளைக்கும் என்பது. விமானத் தளங்களில்கூட ஒரு காலத்தில் அந்த நம்பிக்கையில் நியான் விளக்கு வைத்தார்கள். பனித் துளி ஒளியின் அலைநீளத்தைவிடப் பல மடங்கு பெரிசு, சிவப்பென்றும் நீலமென்றும் அது பேதம் பார்ப்பதில்லை. தூரத்திலிருந்து சிவப்பு தெரிகிறது என்றால் அது சுற்றிலும் இருக்கும் வெள்ளை விளக்குகளிலிருந்து தனித்துத் தெரிவதால்.

செய்ததும் விட்டதும்

டிரான்ஸ்பார்மரை மழை புகாத பெட்டியில் போட்டு பலகையின் முதுகிலேயே ஏற்றினேன். நாலு மீட்டர் ஒயர் ஒரு மீட்டருக்குள் வந்தது, இரும்புக் குழாய் போயிற்று. சிலிக்கோன் உறை போட்ட புது உயர் அழுத்த ஒயர், பீங்கான் தொப்பி, எல்லாம் வாய் கீழ்நோக்கி. பிளாஸ்டிக் பட்டை ஒன்றுகூட இல்லை. கண்ணாடிக் கால்களை மாற்றி, பின்மடக்கு எதுவும் தகரத்துக்கு ஐந்து சென்டிமீட்டருக்குள் வராமல் நிறுத்தினோம். இந்தச் செலவு என்னுடையது, வாதாடவில்லை. அதன்பின் டிரிப் ஆகவில்லை, 'பி'யும் அடங்கிவிட்டது. எர்த் ஒயர் மேல் பெரிய எழுத்தில் 'கழட்டாதே' என்று எழுதி ஒட்டினேன்.

ஆவிக்கு எல்இடி பட்டை போட்டுவிடலாம் என்பது என் யோசனை. குளிர் பாதிக்காது, பாதரசமும் இல்லை. இன்றும் அதுதான் சரி என்று நினைக்கிறேன். சித்தப்பா என்னைப் பார்த்த பார்வையில் அந்தப் பேச்சு அங்கேயே முடிந்தது. முதலில் ஆவிக் கோடுகளைச் சுற்றி அக்ரிலிக் மூடி போட்டுக் காற்றை மறித்துப் பார்த்தோம். குழாயின் சொந்தச் சூடு உள்ளேயே தங்கியதில் இருபத்தைந்து நிமிஷத்தில் நீலம் தேறியது. பொங்கல் கழிந்து அந்தக் குழாயை மட்டும் கீழே கொண்டுவந்தோம். சித்தப்பா வெட்டித் திறந்து, பாதரசத்தைப் பத்திரமாகத் தனியே பிடித்து வைத்து, ஆர்கானோடு நியானைக் கலந்து, ஒரு பொட்டு பாதரசத்தோடு திரும்ப அடைத்தார். கலவையில் மின்னழுத்த இறக்கம் கூடும், குழாய் கூடுதலாகச் சுடும், பாதரசம் சீக்கிரம் எழும். நீலம் ஒரு சாயல் மாறித்தான் போனது. சொன்னால்தான் தெரியும், நாங்கள் சொல்லவில்லை. கூலியாகச் சித்தப்பா இரண்டு கிலோ காப்பிக்கொட்டை வாங்கிக்கொண்டார்.

மூடிக்குள் காலையில் நீர் முத்து முத்தாகக் கோக்கிறது என்று மாசியில் போன் வந்தது. அடியில் இரண்டு துளை போட்டுவிட்டு வந்தேன். குளிர்ந்த மாலைகளில் இப்போதும் ஆவி முழுசாக எழப் பத்து நிமிஷம் பிடிக்கிறது. கடைக்காரர் அதற்கு ஒரு கணக்கு வைத்திருக்கிறார். சாயங்காலம் பாலை அடுப்பில் ஏற்றும்போதே பலகை ஸ்விட்சையும் போட்டுவிடுகிறார். பால் பொங்குவதற்குள் மேலே நீலம் வந்துவிடுகிறது.